செல்போனில் வளர்ந்த பிள்ளைகள்

மருதங்காட்டு அங்கன்வாடிப் பணியாளர் குருவம்மாள் மாதாமாதம் பிள்ளைகளின் உயரத்தை அளந்து செல்போன் செயலியில் ஏற்றுவாள். வயதுக்கேற்ற உயரமில்லாத ஏழு பேரின் பெயர் சிவப்பில் வரும். மற்றவர்களுக்கு ஒரு முட்டை என்றால் அவர்களுக்கு இரண்டு.

கலெக்டர் அம்மா பத்து நாளில் வரப்போவதைக் கேள்விப்பட்டு, மேலதிகாரி தணிகாசலம் ஜீப்பில் வந்து இறங்கினார்.

“ஒரு சிவப்புகூட இருக்கக் கூடாது. இருந்தா உனக்கு இங்க வேலை இல்ல.”

“பத்து நாள்ல பிள்ளைங்க எப்படி சார் வளரும்?”

“போன்ல வளரட்டும்.”

“எனக்கு அந்த வித்தை தெரியாதுங்க. நீங்களே வளர்த்துக் குடுத்திடுங்க” என்று போனை நீட்டினாள்.

அவர் ஏழு பேருக்கும் நூற்றுப்பத்து சென்டிமீட்டர் என்று போட்டார். எல்லாம் பச்சையானது. மறுநாளே இரண்டாவது முட்டை நின்றது. குருவம்மாளுக்கு மனசு ஆறவில்லை. சீருடைக்கு அளவு கேட்டு வந்த தையல்காரரிடம் அதே போனைக் காட்டினாள்.

கலெக்டர் வந்தார். ஏழு பிள்ளைகளும் வணக்கம் சொல்லக் கையெடுத்ததும், அதுவரை பிடித்திருந்த புதுச் சீருடைக் கால்சட்டைகள் நழுவித் தரையில் விழுந்தன.

“அளக்காமலே தைச்சாங்களா?” என்றார் கலெக்டர்.

“சார் போட்ட அளவுதாம்மா. போன்ல வளர்ந்துட்டாங்க. தரையில வளர இன்னும் கொஞ்ச நாள் முட்டை வேணும்.”

கலெக்டர் சிரித்தார். தணிகாசலத்தின் பக்கம் திரும்பியபோது அந்தச் சிரிப்பு இல்லை. அளவுப்பலகையைக் கொண்டுவரச் சொன்னார். தணிகாசலம் மண்டியிட்டு, ஏழு பேரையும் ஒவ்வொருவராக அளந்து, சரியான உயரத்தைத் தன் விரலாலேயே ஏற்றினார்.

அன்று மதியம் ஏழு தட்டிலும் இரண்டிரண்டு முட்டை இருந்தது.