தில்லைநாயகம் திரை மாட்டிய கதை

"டீச்சர், என்னால உட்கார முடியலீங்க" என்றார் தில்லைநாயகம்.

"நாற்காலி அங்க இருக்குதே" என்றார் டீச்சர்.

"அந்த உட்கார்றது இல்லீங்க. கண்ணை மூடி உட்கார்றது."

அவருக்கு ஐம்பத்தாறு வயது. டீச்சர் அங்கயற்கண்ணிக்கு நாற்பதுகூட ஆகவில்லை. வடவள்ளியில் ஒரு மாவு மில்லுக்கு மேல் மாடியில், சும்மா உட்காரச் சொல்லிக் கொடுக்கிறார். கீழே மில் ஓடினால் தரை அதிரும். வகுப்பு முடிந்து இறங்குகிறவர்கள் தலையில் லேசாக மாவு இருக்கும்.

வருஷத்துக்கு ஒரு தடவை டீச்சர் சில பேரை மலைக்குக் கூட்டிப் போவார். ஒரு வாரம் பேச்சே கிடையாது. வீட்டில் ஒரு மணி நேரம் அசையாமல் உட்காருகிறவர்களுக்கு மட்டும்தான் அதில் இடம்.

தில்லைநாயகம் இதுவரை போனதில்லை. அவருக்குப் பின்னால் வந்து சேர்ந்த மெடிக்கல் ஷாப்காரர்கூடப் போய்விட்டு வந்துவிட்டார். வந்ததிலிருந்து ரொம்ப அடக்கமாகச் சிரிக்கிறார். அந்தச் சிரிப்பைத்தான் தாங்க முடியவில்லை.

"என்ன தடை?" என்றார் டீச்சர்.

"எதிர்வீட்டுக்காரங்க பாக்கிறாங்க. அவங்க பால்கனியும் எங்க ஹால் ஜன்னலும் நேருக்கு நேருங்க. அந்த வீட்டுப் பெரியவரு நாற்காலி போட்டே பாக்கிறாரு. கண்ணை மூடியிருந்தாலும் அந்தப் பார்வை மூஞ்சில ஊறுதுங்க."

"உள் ரூம் இல்லையா?"

"இருக்குதுங்க. அங்க பீரோ இருக்குது."

"பீரோ பாக்குமா?"

தில்லைநாயகம் தலையில் இருந்த மாவைத் தட்டினார்.

"சரி, ஜன்னலுக்குத் திரை மாட்டுங்க" என்றார் டீச்சர். "கடைக்கு நானும் வர்றேன்."

•

கடைக்காரர் சாம்பிள் புத்தகத்தை விரித்தார். ரோலர் பிளைண்ட் என்கிற சுருட்டுத் திரையில் இத்தனை துணி இருக்கும் என்று தில்லைநாயகம் நினைத்ததே இல்லை.

"இது பிளாக்அவுட்டுங்க. இதை இறக்கி விட்டா மத்தியானமே இருட்டிடும். ஒரு ஈ எட்டிப் பாக்காது."

டீச்சர் அந்தத் துணியை எடுத்துத் தில்லைநாயகத்தின் கையில் வைத்தார்.

"ஹால் குடோன் மாதிரி ஆயிடுமுங்க" என்றார் தில்லைநாயகம். "வெக்கை வேற."

"அப்ப இது. பாதி மறைக்கும்" என்றார் டீச்சர், இன்னொன்றைக் காட்டி.

"கலர் சரியில்லீங்க."

"வேற கலர் இருக்குதுங்க" என்றார் கடைக்காரர்.

"வேணாமுங்க."

கடைசியில் மெல்லிசு வந்தது. வெள்ளை, வலை மாதிரி. கடைக்காரர் அதை வாசலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். ரோட்டில் போன ஸ்கூட்டர் துணிக்குள்ளேயே போய் மறைந்தது.

"இதுதானுங்க" என்றார் தில்லைநாயகம். கலர்கூடக் கேட்கவில்லை.

டீச்சர் துணியை வாங்கித் தன் முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டார். "நான் தெரியறேனா?"

"லேசாத் தெரியறீங்க."

"அது போதுமா உங்களுக்கு?"

"போதுமுங்க."

டீச்சர் துணியைக் கொடுத்துவிட்டு, கடைக்காரரிடம் குடிக்கத் தண்ணீர் கேட்டார்.

•

கடையிலிருந்தே ஆள் வந்து மாட்டிவிட்டுப் போயிருப்பான். ஆனால் தியானம் பண்ணுகிறவன் தன் திரையைத் தானே மாட்ட வேண்டும் என்று தில்லைநாயகம் ஒரு சட்டம் போட்டுக்கொண்டார். டீச்சர் அப்படி ஒன்றும் சொல்லவில்லை.

ஜன்னலுக்கு மேலே இரண்டு கிளாம்ப். நடுவில் உருளை. உருளையில் துணி. இழுக்க ஒரு மணிச் சங்கிலி. இதற்குத்தான் அத்தனை பாடு.

"வலப்பக்கம் தூக்கலா இருக்குதுங்க" என்றார் அவர் மனைவி மங்கையர்க்கரசி, கீழே ஸ்டூலைப் பிடித்தபடி.

"எல்லாம் நேராத்தான் இருக்குது. என் கண்ணு தப்பாது."

சங்கிலியை இழுத்தார். துணி மேலே ஏறும்போது ஒரு பக்கமாகவே நகர்ந்து போய், ஓரம் கிளாம்பில் உரசி நின்றது.

மங்கையர்க்கரசி ஸ்டூலை இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அதுதான் மோசம்.

பிறகு மேஸ்திரி வீட்டில் ரசமட்டம் வாங்கி வந்து, குமிழி நடுவில் நிற்கிற வரைக்கும் பார்த்து, புது ஓட்டை போட்டு மாட்டினார். துணி வழுக்கிக்கொண்டு இறங்கியது. நேர் என்றால் அப்படி ஒரு நேர்.

"அந்தப் பழைய ஓட்டையை எதை மாட்டி மறைக்கப் போறீங்க?" என்றார் மங்கையர்க்கரசி.

•

மறுநாள் காலை திரையை இறக்கிவிட்டு உட்கார்ந்தார்.

மூக்கு அரித்தது. கால் மரத்தது. குக்கர் எத்தனை விசில் என்று காது எண்ணியது.

ஒரு கண்ணை மட்டும் திறந்தார். துணி வழியாக எதிர் பால்கனி பளிச்சென்று தெரிந்தது. அந்த வீட்டு மருமகள் பூங்கோதை துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். பெரியவர் நாற்காலியில் இருந்தார். அவர் இந்த வெள்ளை ஜன்னலை ஒரு தடவை பார்த்தார். பிறகு எழுந்து, நாற்காலியை ரோட்டுப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

தில்லைநாயகத்துக்கு என்னமோ குறைகிற மாதிரி இருந்தது. பசி என்று நினைத்து எழுந்து போய் இட்லி சாப்பிட்டார்.

அடுத்த நாளும் இட்லிதான். அதற்கு அடுத்த நாள் உப்புமா.

"திரை மாட்டுறதுக்கு முன்னால பாதி நேரமாச்சும் உட்கார்ந்தீங்க" என்றார் மங்கையர்க்கரசி.

"துணி புதுசு. வாசம் அடிக்குது."

பிறகு ஒரு நாள் காலையில் பிளம்பர் வந்து வீட்டைத் தலைகீழாக்கிவிட்டுப் போனான். அன்றைக்குச் சாயங்காலம்தான் நேரம் கிடைத்தது. இருட்டிவிட்டது. ஹாலில் லைட்டைப் போட்டு, திரையை இறக்கி, உட்கார்ந்தார். அன்றைக்கும் மூக்கு அரித்தது.

மறுநாள் காய் வண்டியில் பூங்கோதை வெண்டைக்காயை ஒடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்கண்ணா, சாயங்காலம் உட்கார ஆரம்பிச்சுட்டீங்களாட்ட இருக்குது?"

"உனக்கு எப்படிம்மா தெரியும்? திரை போட்டிருக்குதே."

"பகல்லதான் ஒண்ணும் தெரியறதில்லீங்க. உங்க வீட்ல லைட் போட்டா துணி வழியா அப்படியே தெரியுது. சினிமா மாதிரி. எங்க மாமா நாற்காலியை மறுபடியும் இந்தப் பக்கம் திருப்பிப் போட்டுட்டாரு. மனுசன் என்னமா உட்கார்றாரு பாருன்னு எங்களைத் திட்டு வேற."

"அப்படியா" என்றார் தில்லைநாயகம், முகத்தை ரொம்பச் சாதாரணமாக வைத்துக்கொண்டு. கிலோ வெண்டைக்காய் வாங்க வந்தவர், வீட்டில் யாரும் சாப்பிடாத பாகற்காயையும் சேர்த்து வாங்கிப் போனார்.

அன்றைக்குச் சாயங்காலம் ஒரு மணி நேரம் உட்கார்ந்தார். மூக்கு அரிக்கவில்லை. கால் இருந்த இடம் தெரியவில்லை. மறுநாளும் அப்படித்தான். அதற்கு மறுநாள் ஹால் பல்பைக் கழற்றிவிட்டு வேறு ஒன்று மாட்டினார்.

"கல்யாண மண்டபம் மாதிரி இருக்குதுங்க" என்றார் மங்கையர்க்கரசி, கண்ணைச் சுருக்கிக்கொண்டு.

"பழசு மினுக்கிட்டே இருந்துச்சு."

வாரக் கடைசியில் டீச்சருக்குப் போன் போட்டார்.

"உட்கார்ந்துட்டேனுங்க. முழுசா ஒரு மணி நேரம். தினமும்."

"அப்படியா. நாளைக்கு வர்றேன்" என்றார் டீச்சர்.

•

டீச்சர் சாயங்காலம் வந்தார். காபி வேண்டாம் என்றார். சுவரோரமாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

தில்லைநாயகம் திரையை இறக்கினார். லைட்டைப் போட்டார். ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்து கண்ணை மூடினார்.

முதுகு நேர். மூச்சு சீர். செதுக்கி வைத்த மாதிரி இருந்தார். மெடிக்கல் ஷாப்காரரே பார்த்தாலும் வாயை மூடிக்கொள்வார்.

பாதி நேரம் போயிருக்கும். இமைக்குள் சிவப்பாக இருந்தது சட்டென்று கறுத்தது.

கரண்ட் போய்விட்டது என்று நினைத்தார். ஆனால் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது.

மூக்கு அரித்தது. தாங்கிப் பார்த்தார். முட்டி வலித்தது. இடக்காலை மெதுவாக மாற்றினார். அப்புறம் வலக்கால். கடைசியில் கண்ணைத் திறந்துவிட்டார்.

சுவிட்ச் பக்கத்தில் டீச்சர் நின்றுகொண்டிருந்தார்.

"லைட்டு போயிடுச்சுங்க" என்றார் தில்லைநாயகம்.

"நான்தான் அணைச்சேன்."

"ஏனுங்க?"

"கண்ணை மூடிட்டு உட்கார்றவருக்கு லைட் எதுக்குங்க?"

தில்லைநாயகம் வாயைத் திறந்தார். சொல்ல நல்ல நல்ல காரணமாக வரிசையில் நின்றது. பூச்சி வரும். மங்கை தடுக்கி விழுவாள். புது பல்பு.

ஹால் இருட்டாக இருந்ததால், திரைக்கு அந்தப் பக்கம் எதிர் பால்கனி வெளிச்சமாகத் தெரிந்தது. பெரியவர் கழுத்தை நீட்டி இந்த ஜன்னலைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, படம் முடிந்த மாதிரி எழுந்து, நாற்காலியை மடித்து எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

தில்லைநாயகத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கமான சிரிப்பு இல்லை. வயிறு குலுங்கியது. மங்கையர்க்கரசி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"அவருக்குங்க" என்றார் தில்லைநாயகம், எதிர் பால்கனியைக் கையால் காட்டி. "லைட்டு அவருக்குங்க டீச்சர்."

டீச்சர் செருப்பை மாட்டிக்கொண்டார்.

"ஞாயித்துக்கிழமை காலையில பஸ். துணிமணி எடுத்து வச்சுக்குங்க."

"மலைக்குங்களா? நான் இன்னும் ஒழுங்கா உட்காரவே இல்லீங்களே."

"போர்வை கனமா எடுத்துக்குங்க" என்றார் டீச்சர். "அங்க கரண்ட் கிடையாது."