அலைவரிசையில் யாருமில்லை

வானொலி வழியே ஊர் ஊராகப் பேசுவதைப் பொழுதுபோக்காகக் கொண்ட அரைக்காணிப்பட்டி ஹாம் ரேடியோ சங்கத்தில் மொத்தம் மூன்று பேர். மூன்று பேருக்கும் சேர்த்து ஒரு மூளை என்று ஊரில் சொல்வார்கள். அது பொய். அந்த ஒன்றை நானும் தேடிப் பார்த்துவிட்டேன்.

தலைவர் பூவலிங்கத்துக்கு அன்று மீசையே பணயம். "காலை பத்து மணிக்குச் செயற்கைக்கோள் நம்ம தலைக்கு மேல வருது. அது வழியா உன்கூடப் பேசலன்னா மீசையை எடுத்துருதேன்" என்று அந்தமானிலிருந்த மச்சினன் தவசியிடம் போனில் சவால் விட்டிருந்தார். இருபது வருஷ மீசை, பாவம்.

செயற்கைக்கோள் விட்டவர்கள் கடிதம் போட்டிருந்தார்கள். "மூன்று அலைவரிசைகள் உண்டு. ஒன்றிலேயே பிடிவாதமாக நிற்காதீர்கள். பேசும் முன் யாராவது இருக்கிறார்களா என்று கேளுங்கள். இருந்தால் அடுத்ததற்கு மாறிவிடுங்கள்." தவசிக்கும் இதே கடிதம் போயிருந்தது.

பத்து மணி. மொட்டைமாடியில் பூவலிங்கம் மைக்கைப் பிடித்தார். "யாராவது இருக்கீகளா?"

எதிர்த்த தெரு மாவு மில்லில் இன்னொரு ரேடியோ செட்டோடு உட்கார்ந்திருந்த செயலாளர் சூசைராஜ் உடனே பதில் சொன்னார். "யாருமே இல்ல அண்ணாச்சி, தாராளமாப் பேசுங்க."

பூவலிங்கம் திடுக்கிட்டு, பக்கத்தில் ஆன்டெனாவைத் தூக்கிப் பிடித்திருந்த மூன்றாவது உறுப்பினர் மயில்வாகனத்தைப் பார்த்தார்.

"என்னவே, யாருமில்லன்னு ஒருத்தர் சொல்லுதாரே?"

"அப்ப ஒருத்தர் இருக்காருல்லா அண்ணாச்சி. மாறிருவோம்."

மாறினார்கள். சூசைராஜ் உதவி செய்கிற மனுஷன், கூடவே மாறினார். "இங்கயும் யாருமில்ல அண்ணாச்சி!" மூன்றாவதிலும் அதே கதைதான். எட்டு நிமிஷம் போயே போச்சு. இன்னும் இரண்டே நிமிஷத்தில் செயற்கைக்கோள் மறைந்துவிடும்.

வியர்த்து விறுவிறுத்து முதல் அலைவரிசைக்கே திரும்பினார்கள். பூவலிங்கம் வாயைத் திறக்குமுன் வானத்திலிருந்து ஒரு குரல் வந்தது. "யாராவது இருக்கீகளா?"

"தவசி அண்ணன்தான்! இருக்கேன்னு சொல்லுங்க அண்ணாச்சி!" என்று மயில்வாகனம் குதித்தார்.

"கூறுகெட்ட மனுஷா! இருக்கேன்னு சொன்னா அவன் வேற எடத்துக்கு மாறிருவாம்லா? கடிதத்தைப் படிச்சீரா இல்லியா?" என்ற பூவலிங்கம் மைக்கை அமுக்கினார். "இங்க யாரும் இல்ல. தாராளமாப் பேசுங்க."

"பூவலிங்கம் அத்தான் கூடவா இல்ல?"

"அவரும் இல்ல."

"அப்ப பந்தயத்துல நான்தான் ஜெயிச்சேன். அத்தான்கிட்ட மீசையை எடுக்கச் சொல்லிருங்க."

"வந்ததும் சொல்லிருதேன்."

செயற்கைக்கோள் மறைந்தது. "பேசியாச்சே அண்ணாச்சி! மீசை தப்பிச்சுது!" என்று மயில்வாகனம் ஆன்டெனாவோடு அவரைக் கட்டிப்பிடித்தார்.

பூவலிங்கத்துக்குக் கண் கலங்கிவிட்டது. "பேசுனது யாரோ. நான்தான் அங்க இல்லையேவே" என்றபடி சலூனுக்கு நடந்தார்.