தழைக்கொத்துக்குப் பயந்த மீன்கள்

"அம்மா, இந்தப் பயம் எப்பங்க போகும்?"

சென்னியப்பன் இதைக் கேட்பது முதல் தடவை அல்ல. வெல்லமண்டியைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டுப் பூவாத்தம்மாளின் பின்னால் கிளம்பிய நாளிலிருந்து இதே கேள்விதான். அம்மாள் வயதில் அவரைவிடச் சின்னவர். காவி கட்டி ஊர் ஊராக நடப்பவர், அதிகம் பேசாதவர்.

அம்மாள் ஒரு மரத்தடியில் சாய்ந்து கிடந்தார். வழியில் மூங்கில் முளை குத்திய கால் புடைத்துக் கிடந்தது. உடம்பு காய்ச்சலில் கொதித்தது.

மலைக்கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது மாட்டிக்கொண்டார்கள். பின்னால் மண் சரிந்து வழி அடைந்துவிட்டது. முன்னால் ஆறு. அரிசிப் பையை மழைத்தண்ணீர் கொண்டுபோய்விட்டது.

அக்கரையில் காலையில் புகை தெரிந்தது. அங்கே தேன் எடுக்கிற ஜனங்கள் குடியிருந்தார்கள். அவர்களிடம் மருந்து இருக்கும். சென்னியப்பன் தொண்டை கிழியக் கூப்பிட்டுப் பார்த்தார். ஆற்றின் இரைச்சலில் அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை. அக்கரை போய்ச் சேராவிட்டால் அம்மாள் பிழைக்கமாட்டார் என்பது மட்டும் அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது.

கடப்பதற்கு இரண்டு இடம் பார்த்து வைத்திருந்தார்.

மேலே ஒரு பாறைத்துறை. தண்ணீர் பாறையில் மோதி, நுரைத்து, காது அடைக்கும்படி கத்தியது. கரையில் யானைச் சாணம், பன்றித் தடம், மான் குளம்பு, பேர் தெரியாத நகத்தடங்கள். பார்த்த மாத்திரத்தில் அவர் திரும்பிவிட்டார்.

கீழே ஒரு மடு. ஆறு அங்கே தூங்குவதுபோல் கிடந்தது. கரை மணல் பெருக்கிவிட்ட வாசல் மாதிரி சுத்தம். ஒரு மிருகத்தின் தடம்கூடக் கிடையாது. வெள்ளம் ஒதுக்கிப்போட்ட மூங்கில்களை அங்கேதான் இழுத்துப் போட்டுத் தெப்பம் கட்டத் தொடங்கியிருந்தார்.

"மடுவுலயே கடந்துடலாமுங்கம்மா. ஒரு சத்தம் இல்லீங்க. யானை, புலி ஒண்ணும் அண்டாத இடமுங்க."

"நான் படுத்துக் கிடக்கறேன். பார்த்தவர் நீங்க. நீங்க சொல்ற இடத்துல கடப்போம்."

இதைக் கேட்டுச் சென்னியப்பனுக்குத் தைரியம் வரவில்லை. இருக்கிற பயத்தோடு இன்னொரு பயம் சேர்ந்துகொண்டது. ஓர் உயிரை அதுவரை யாரும் அவர் கையில் கொடுத்ததில்லை.

தெப்பத்துக்குக் கொடியை முறுக்கப் போனார். கையில் வலு இல்லை. கண் இருட்டியது.

"முதல்ல வயித்துக்கு ஏதாச்சும் போடுங்க. இந்த ஓடையில மீன் இருக்கு," என்றார் அம்மாள். அவர் சாய்ந்திருந்த மரத்தடியை ஒட்டி, ஆற்றில் போய்ச் சேரும் சிற்றோடை ஒன்று ஓடியது.

சென்னியப்பன் மீன்கடைத் தெருவை மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்தவர். அவர் வீட்டில் முட்டைக்குக்கூட அனுமதி கிடையாது. ஆனால் வெறும் வயிற்றிடம் வீட்டுப் பெருமை பேசி என்ன பிரயோஜனம்?

"எப்படிங்க பிடிக்கறது?"

அம்மாள் தன் சேலையிலிருந்து நூலை உருவித் திரித்தார். இலந்தை முள்ளைக் கட்டினார். மண்புழுவைக் குத்தினார். சென்னியப்பன் அதைத் தண்ணீரில் விட்டு மூச்சை அடக்கி உட்கார்ந்தார்.

முதுகுக்குப் பின்னால் எங்கோ ஒரு சுள்ளி ஒடிந்தது.

அவர் துள்ளி எழுந்ததில் நூல் கையை விட்டு நழுவித் தண்ணீரோடு போயிற்று.

"போகட்டும். கல்லுக்கு அடியில கையை விட்டுத் தடவுங்க. வழவழன்னு தட்டுப்படும். அப்படியே அமுக்கிப் பிடிச்சுக்குங்க."

கையை விட்டார். வழவழவென்று தட்டுப்பட்டது. "பாம்பு!" என்று அலறிக்கொண்டு கரையேறிவிட்டார்.

"பாம்புங்களா?"

"தெரியலீங்க. பாக்கலை."

அம்மாளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததில் கால் வலித்து முகம் சுருங்கியது. அந்த முகத்தைப் பார்த்ததும் சென்னியப்பனுக்கு அழுகை முட்டியது. இந்த அம்மாள் போய்விட்டால் இந்தக் காட்டில் தான் ஒற்றை ஆள் என்று நினைத்தார்.

"உங்க மேல்வேட்டியை எடுங்க," என்றார் அம்மாள். "அதோ, ரெண்டு பாறைக்கு நடுவுல கட்டுங்க. அடியோரத்துல கல்லு வைங்க. பை மாதிரி தொங்கட்டும். ரெண்டு பக்கமும் கல்லை அடுக்கி வழியைக் குறுக்கிடுங்க."

கட்டினார். அடுக்கினார்.

"இப்ப மேல போய் ஒரு தழைக்கொத்து ஒடிங்க. தண்ணியை அடிச்சுக்கிட்டே இறங்கி வாங்க."

"சத்தம் போட்டா மீன் ஓடிடாதுங்களா?"

"ஓடட்டும்."

அவர் அடித்தார். முதலில் மெதுவாக, பிறகு ஓங்கி. தண்ணீர் சிதறியது. ஓடை கலங்கியது. காலடியில் வெள்ளிக் கீற்றுகளாக மீன்கள் தெறித்து ஓடின.

சென்னியப்பனுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. மண்டிப் பூனைகூட அவரைக் கண்டு ஒதுங்கியதில்லை. இன்றைக்கு இத்தனை உயிர் அவரைப் பார்த்து நடுங்கி ஓடியது. அவர் இன்னும் ஓங்கி அடித்தார்.

எல்லாம் ஓடின. ஒன்று மட்டும் திரும்பியது.

உள்ளங்கை அகலத்தில் ஒரு கெண்டை. சத்தத்தைப் பார்த்து நேராக வந்தது. அவர் அதன் மேலேயே தழையால் அடித்தார். அது தழைக்குள் புகுந்து, அவர் கால்களுக்கு நடுவே நழுவி, மேலே போய்விட்டது.

மற்றவை கீழே போய்ச் சேர்ந்தன. மேல்வேட்டிக்குள் தண்ணீர் அசையாமல் இருந்தது. ஒன்றன் பின் ஒன்றாக உள்ளே போய், வீடு வந்து சேர்ந்தவை போல் அடங்கி நின்றன.

"தூக்குங்க," என்றார் அம்மாள்.

அம்மாளின் பையில் மெழுகுத்துணி சுற்றிய தீப்பெட்டி இருந்தது. மூங்கில் சிம்பால் மீனைக் கீறிச் சுட்டார்கள். முதல் மீனைச் சென்னியப்பன் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினார். இரண்டாவதைக் கண்ணைத் திறந்துகொண்டே தின்றார். அம்மாளுக்கு இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை.

"ஒண்ணு தப்பிச்சுடுச்சுங்கம்மா."

"ம்."

"எதுத்தாப்புலயே வந்துச்சுங்க. நானும் அடிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன். அதை ஒண்ணும் பண்ண முடியல."

"கையில என்ன வெச்சிருந்தீங்க?"

"வெறும் தழைதானுங்க."

சொன்னவர் அப்படியே நின்றுபோனார். வாயிலிருந்த மீனை மெல்லவும் மறந்தார்.

"தெப்பத்தை முடிச்சுடுவீங்களா?" என்று அம்மாள் கண்ணை மூடியபடி கேட்டார். "வெயில் சாயறதுக்குள்ள கடந்துட்டா நல்லது."

சென்னியப்பன் கையை உதறிக்கொண்டு எழுந்தார். மீன் குடலையும் தலைகளையும் ஓர் இலையில் அள்ளிக்கொண்டு மடுவைப் பார்க்க நடந்தார்.

மணல் காலையில் பார்த்தபடியே சுத்தமாக இருந்தது. மான் குளம்பு இல்லை. பன்றித் தடம் இல்லை. ஒரு கொக்கின் கால்கூடப் பதியவில்லை. இந்தக் காட்டில் தாகம் எடுத்த அத்தனை உயிரும் அந்தப் பாறைத்துறைச் சத்தத்தில் போய்த்தான் தண்ணீர் குடித்திருந்தது. இங்கே ஒன்றுகூடக் குடிக்கவில்லை.

காலையில் இதைப் பார்த்துத்தான் அவர் நிம்மதி அடைந்தார். இப்போது அந்தச் சுத்தமே அவரைப் பயமுறுத்தியது.

எட்ட நின்று இலைப் பொட்டலத்தை எறிந்தார்.

அது மிதந்தது. மெல்லச் சுற்றியது. வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. வீணாகப் பயந்துவிட்டோமோ என்று அவருக்கு வெட்கமாகக்கூட இருந்தது.

தண்ணீர் திறந்தது. சத்தமே இல்லை. நீளமான வாய் ஒன்று மேலே வந்து பொட்டலத்தை எடுத்துக்கொண்டது. தண்ணீர் மூடிக்கொண்டது. மடு பழையபடி தூங்கியது.

தெப்பத்தின் ஒரு முனை அந்தத் தண்ணீரில்தான் ஊறிக்கொண்டிருந்தது. காலையில் தொடையளவு தண்ணீரில் நின்று அவர் கொடி கட்டிய இடம்.

எப்படித் திரும்பி வந்தார் என்று அவருக்கு நினைவில்லை. வந்து விழுந்தார்.

"முதலைங்கம்மா."

"மடுவுலயா?"

அம்மாளின் முகம் வெளுத்தது. அவருக்கும் தெரியாது.

சென்னியப்பன் எழுந்தார். அம்மாளுக்கு முதுகைக் காட்டிக் குந்தினார்.

"ஏறிக்குங்க."

"எங்க போறோம்?"

அவர் கையை நீட்டினார். அது பாறைத்துறையின் பக்கம் நீண்டது.

தண்ணீர் முழங்காலுக்கு மேலே ஏறவில்லை. ஆனால் அதன் சத்தம் தலைக்கு மேலே ஏறியது. காலடியில் கற்கள் உருண்டன. நுரை முகத்தில் அடித்தது. எதிர்க்கரைப் புதரில் ஏதோ பெரிதாக அசைந்தது. அவர் தொடை நடுங்கிய நடுக்கத்தில் முதுகிலிருந்த அம்மாளும் சேர்ந்து ஆடினார்.

நட்டாற்றில் அவர் நின்றுவிட்டார்.

அம்மாள் அவர் காதோடு வாயை வைத்துக் கேட்டார்.

"பயமா இருக்குங்களா?"

"ரொம்பவுங்க."

கழுத்தைச் சுற்றியிருந்த கைகள் இறுகின. அவையும் நடுங்கிக்கொண்டிருந்ததை அவர் அப்போதுதான் உணர்ந்தார்.

"எனக்கும்தான்," என்றார் அம்மாள். "நடங்க."