வழிபார்த்த நாதர்

ஒரு ஊர்ல ஒரு ஆறு. ஆத்தங்கரையில ஒரு கோயில். எந்த ராஜா கட்டினான்னு கேட்டா யாருக்கும் தெரியாது. கல்வெட்டு இருந்துச்சு, ஆனா வருஷா வருஷம் வெள்ளம் வந்து நக்கி நக்கி, எழுத்தெல்லாம் வழுவழுன்னு ஆயிப்போச்சு. சாமிக்கு நாணலீசர்னு பேரு. கதவைத் திறந்தா சாமி கண்ணுக்கு நேரே படித்துறை, அதுக்கு அப்பால் தண்ணி. வேற ஒண்ணும் தெரியாது.

அந்த ஊர்ல குருந்தாயின்னு ஒருத்தி இருந்தா. கோரை அறுத்துப் பாய் பின்னுறவ. ஒரு வருஷம் ஊருக்குள்ள வாந்திபேதி வந்துச்சு. வந்து அவ மாமியாளைக் கொண்டுபோச்சு, புருஷனைக் கொண்டுபோச்சு, இடுப்புல இருந்த பிள்ளையையும் கொண்டுபோச்சு. இவளை மட்டும் விட்டுட்டுப் போச்சு. ஏன் விட்டுச்சுன்னு கேக்காதே, அது அவளுக்கே தெரியாது.

விடிஞ்சா அரிவாளை எடுத்துக்கிட்டுக் கோரைக்குக் கிளம்பணும். கிளம்புறப்போ வாய் தானா "போயிட்டு வரேன்"னு சொல்லும். நாம அப்படித்தானே சொல்லுவோம்? "போறேன்"னு சொன்னா வாயிலேயே ஒண்ணு போடுவாங்கல்ல? போறேன்னா ஒரேயடியாப் போறது. ஆனா இவ சொல்லிட்டுத் திரும்பிப் பார்த்தா, வீட்டுல யாரு இருக்கா? முதல் நாள் அடுப்புகிட்ட சொன்னா. அடுப்பு பேசலே. மறுநாள் கோழிகிட்ட சொன்னா. கோழி வேலியைத் தாண்டி ஓடிப்போச்சு. மூணாம் நாள் பக்கத்து வீட்டுக்காரிகிட்ட, "அக்கா, போயிட்டு வரேன்"னா.

"போயேன்டி. நான் என்ன உன் மாமியாளா, என்கிட்ட சொல்லிட்டுப் போறதுக்கு?"ன்னு அவ முறத்தைத் தட்டிக்கிட்டே சொன்னா.

அதுக்கப்புறம் ஒரு நாள் படித்துறை வழியாப் போறப்போ கோயில் கதவு திறந்திருந்துச்சு. குருந்தாயி கீழ்ப்படியில நின்னு, "சாமி, போயிட்டு வரேன்"னா. உள்ளே ஒரு பல்லி சத்தம் போட்டுச்சு. மத்தவங்களுக்கு அது பல்லி சத்தம். அவளுக்கு "போயிட்டு வா"ன்னு கேட்டுச்சு.

அன்னையிலிருந்து தினம் காலையில "போயிட்டு வரேன்", உச்சிக்காலம் முடியுற நேரத்துக்குக் கோரைக்கட்டோட வந்து "வந்துட்டேன் சாமி". அவ்வளவுதான். பூ கேக்கலே, திருநீறு கேக்கலே. வயசான குருக்கள் இதைக் கவனிச்சார். அவ வர நேரமாச்சுன்னா, நடை சாத்தாம ஏதாச்சும் துடைச்சுக்கிட்டு நிப்பார். "வெளியே போனவ வரட்டுமே, என்ன அவசரம்"னு தனக்குத்தானே சொல்லிப்பார்.

இப்படி இருக்கறப்போ, கோயில் மணியக்காரர் ஒரு நாள் வாசல்ல நின்னு பூக்காரனைத் திட்டிக்கிட்டு இருந்தார். கோயில் அதிகாரமெல்லாம் அவர் கையில. தலைப்பாகை, வெள்ளிப்பூண் போட்ட கம்பு, மீசை, எல்லாம் உண்டு. கீழே குருந்தாயி வந்து வழக்கம்போல "போயிட்டு வரேன்"னா. மணியம் திட்டுற ஜோர்ல திரும்பிப் பார்க்காமலே, "சரி, சரி, சீக்கிரம் வந்துடு"ன்னுட்டார்.

படித்துறையே கொல்லுன்னு சிரிச்சுது. துணி துவைக்கிறவங்க சிரிச்சாங்க, மாடு குளிப்பாட்டுறவங்க சிரிச்சாங்க, பரிசல்காரன் துடுப்பைப் போட்டுட்டுச் சிரிச்சான். "என்ன மணியம், எத்தனை நாளா?"ன்னான்.

மணியம் வீட்டுக்குப் போறதுக்குள்ள சேதி போயிடுச்சு. இலை போட்டு உக்காந்தார். சோறு வரலே. "என்ன, பசிக்குது"ன்னார்.

"சீக்கிரம் வரச் சொன்னீங்களாமே, அவ வந்து போடுவா"ன்னு சொல்லிட்டு அவர் பொண்டாட்டி உள்ளே போயிட்டாங்க.

மறுநாள் மணியம் கம்பை ஊனிக்கிட்டுப் படியில நின்னார். குருந்தாயி வந்தா.

"இனிமே இந்தக் கரையில நீ இருக்கக் கூடாது. அக்கரைக்குப் போயிடு."

"நான் என்ன தப்பு பண்ணினேன் எசமான்?"

"சாமிகிட்ட என்னடி உனக்கு வரேன் போறேன்? நீ என்ன அவர் பொண்டாட்டியா?"

"இல்லீங்க. சொல்லிட்டுப் போறதுக்கு வேற ஆள் இல்லீங்க."

நேத்துச் சிரிச்ச சனம் இன்னைக்குச் சிரிக்கலே. ஆனா ஒருத்தரும் வாயும் திறக்கலே. அதான் ஊரு. மணியத்துக்கு இன்னும் கோவம் வந்துச்சு. "சரி, சொல்லிட்டே போ. ஆனா போறேன்னு சொல்லு. ஊர் கேக்கச் சொல்லு"ன்னார்.

அவ சாமியைப் பார்த்து "போயிட்டு..."ன்னா. மணியம் கம்பைக் கல்லுல ஒரு தட்டுத் தட்டினார். மறுபடியும் "போயிட்டு வ..."ன்னா. இன்னொரு தட்டு. மூணாந்தடவை, "போறேன்"னா. ஊரே கேட்டுச்சு. சொல்லிட்டு, உதட்டை இறுக்க மூடிக்கிட்டு, நாக்கு மட்டும் அசைய, "போயிட்டு வரேன்"னு வாய்க்குள்ளேயே சொன்னா. பல்லி கூடச் சத்தம் போடலே. பரிசல்ல ஏறி அக்கரைக்குப் போயிட்டா.

உச்சிக்காலம் முடிஞ்சுது. "நடையைச் சாத்துங்க"ன்னார் மணியம். குருக்கள் கதவைத் தள்ளினார், அசையலே. நாலு தடியனுங்க வந்து தள்ளினாங்க, அசையலே. தச்சன் வந்து கதவைக் கழட்டி, இழைச்சு, எண்ணெய் போட்டு மாட்டினான். அப்பவும் அசையலே. கடைசியில கோயில் யானையைக் கூட்டிக்கிட்டு வந்தாங்க. யானை ஒரு முட்டு முட்டிச்சு, ரெண்டடி பின்னால வந்துச்சு, பொத்துன்னு உக்காந்துடுச்சு. பாகன் அங்குசத்தைக் கீழே போட்டுட்டான்.

அப்புறம் என்ன? ஆடு உள்ளே போச்சு, நாய் உள்ளே போச்சு, ஆத்துக் காத்து போய் விளக்கை அணைச்சுது.

"வீட்டு ஆளு வெளியே போயிருக்கறப்போ யாராச்சும் தாழ்ப்பாள் போடுவாங்களா?"ன்னார் குருக்கள்.

"போறேன்னுதானே ஓய் சொன்னா?"ன்னார் மணியம்.

"அது உமக்குச் சொன்னது. சாமிக்கு என்ன சொன்னாளோ, யாரு கண்டா."

சேதி ராஜாவுக்குப் போச்சு. "அனுப்பினவனே போய்க் கூட்டிக்கிட்டு வரட்டும்"னு உத்தரவு வந்துச்சு. மணியம் அக்கரையில ஒரு ஊர் தேடினார், இல்லே. ரெண்டாவது ஊர் தேடினார், இல்லே. மூணாவது ஊர் எல்லையில கோரைக்காட்டு ஓரமா ஒரு குடிசை. வாசல்ல உக்காந்து குருந்தாயி பாய் பின்னிக்கிட்டு இருந்தா. அதுக்குள்ள தலை பாதி நரைச்சிருந்துச்சு. பக்கத்துல யாரும் இல்லே.

"ஆத்தா"ன்னார் மணியம். எப்ப ஆத்தா ஆனா பாரு! "வந்துடு ஆத்தா. கதவு சாத்த மாட்டேங்குது. சாமி உன்னை வழிபார்த்துக்கிட்டு இருக்கார்."

பின்னுற கை நின்னுபோச்சு. "யாரு? என்னையா?"

"உன்னையேதான்."

"உச்சிக்காலம் ஆனப்புறமுமா?"

"ராவும் பகலும்."

அவ ஆத்துப் பக்கம் பார்த்தா. அங்கேருந்து கோயில் தெரியாது, கரைமேடுதான் தெரியும். அப்புறம் கேட்டா, "நான் வந்துட்டா என்ன பண்ணுவீங்க?"

"என்ன பண்றது, கதவைச் சாத்துவோம்"னார் மணியம். வாய்தானே எமன்!

குருந்தாயி சிரிச்சா. எல்லாரையும் பறிகொடுத்ததுக்கு அப்புறம் அன்னைக்குத்தான் சிரிச்சா. "அப்படின்னா இப்ப வரலே எசமான். எனக்காக ஒரு கதவு திறந்திருக்கு. அதைப் போய் நானே சாத்த வைப்பேனா? வரேன்னு சொன்னேன், வருவேன். என்னைக்குன்னு சொல்லலே. நீங்க போயிட்டு வாங்க"ன்னு சொல்லிட்டு, விட்ட இடத்துலேருந்து கோரையைப் பின்ன ஆரம்பிச்சா.

மணியம் வெறுங்கையோட திரும்பினார். ராஜா கேட்டான், "கதவு சாத்தாத கோயிலை ஆட்டுக்கும் நாய்க்கும் விட முடியுமா? அவ வர்ற வரைக்கும் நீயே வாசப்படியில உக்காந்து காவல் இரு."

உக்காந்தார். வெயில்ல உக்காந்தார், மழையில உக்காந்தார், வெள்ளம் முழங்காலைத் தொட்டப்பவும் உக்காந்தார். சாப்பாட்டுத் தூக்கைப் பொண்டாட்டி அனுப்புவாங்க, அவங்க வர மாட்டாங்க. பரிசல் வந்து எந்தக் கிழவி இறங்கினாலும் எழுந்து ஓடுவார். "ஆத்தா, நீ குருந்தாயியா?"

"இல்லீங்களே."

திரும்பிப் போய் உக்காருவார். மீசை வெளுத்து, கண்ணு மங்கி, வர்றவங்க ஆணா பொண்ணான்னு தெரியாத காலத்துலயும் கேட்டுக்கிட்டே இருந்தார்.

நாணலீசர்ங்கற பேரை ஊரு மறந்துபோச்சு. வழிபார்த்த நாதர்னு சொன்னாத்தான் பரிசல்காரன் இறக்கி விடுவான். அவ வந்தாளான்னு கேட்டா, கதவு திறந்துதான் இருக்குன்னு சொல்லுவான்.

அதனால, வெளியே போறவங்க சொல்றதை முழுசாக் கேட்டுட்டுத்தான் கதவைச் சாத்தணும். கதையும் கரை ஏறிடுச்சு, கேட்ட காதும் குளுந்துடுச்சு.