கூழைக்கடா உட்கார்ந்த கிளை

பறவைகளுக்கென்று ஒரு தேசம் இருந்த காலத்தில், அந்தத் தேசத்துக்கென்று ஒரு சபையும் இருந்தது. குளம், தோப்பு, புதர் என்று ஒவ்வோர் இடத்துப் பறவைகளும் தங்களில் ஒருவரைத் தேர்ந்தெடுத்து அனுப்பும். அவர்கள் தேசத்தின் நடுவே நின்ற பெரிய ஆலமரத்தில் கூடிச் சட்டம் போடுவார்கள்.

தெற்குக் கோடியில் இருந்த ஒரு குளத்துப் பறவைகள் கூழைக்கடாவை அனுப்பியிருந்தன. காரணம் அவருடைய தொண்டை. அலகுக்குக் கீழே பெரிய பை தொங்குமே, அதைப் பார்த்து மயங்கிவிட்டார்கள். இவ்வளவு பெரிய தொண்டைக்காரர் போய் ஒரு சத்தம் போட்டால் ஆலமரமே அதிராதா என்று பேசிக்கொண்டார்கள். அந்தத் தொண்டையிலிருந்து இதுவரை ஏதாவது சத்தம் வந்திருக்கிறதா என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. ஊரில் அவருக்காகப் பேசியதெல்லாம் கூடவே திரிந்த நீர்க்காகம்தான்.

"அண்ணாச்சி தொண்டையச் சபைக்குன்னு சேத்து வச்சிருக்காவ," என்று அவன் சொல்லுவான். எல்லாரும் பெருமையாகத் தலையாட்டுவார்கள்.

அதே குளத்தில் ஆட்காட்டி ஒருத்தி இருந்தாள். மஞ்சள் காலை எட்டிப் போட்டு நாள் முழுக்கத் தரையில் ஓடித் திரிபவள். அவள் இனத்துக்குக் கிளையைப் பற்றிக்கொள்ளும் கால் கிடையாது, மரத்தில் உட்கார வராது. முட்டை இடுவதும் தரையில்தான், கோடையில் வற்றிப்போன குளத்தின் வெடித்த மண்ணில். நாய் வந்தாலும் கத்துவாள், நரி வந்தாலும் கத்துவாள், சும்மா ஒரு நிழல் அசைந்தாலும் கத்துவாள். பல பேர் உயிரைக் காப்பாற்றியிருக்கிறாள். தூக்கத்தைக் கெடுக்கிறவள் என்று பெயர் வாங்கியதுதான் மிச்சம்.

அந்தக் கோடையில் சபைக்கு ஒரு மசோதா வந்தது. வற்றிய குளத்துத் தரையெல்லாம் இனி மயில்கள் ஆடும் களம். அங்கே கூடு கண்ணில் பட்டால் மயில்கள் கிளறித் தள்ளிவிடலாம். எல்லாம் தேசத்தின் அழகுக்காகத்தானாம். ஆட்காட்டி அப்போதுதான் நான்கு முட்டை இட்டிருந்தாள்.

முதல் வாக்கெடுப்பில் மசோதா தேறிவிட்டது. கூழைக்கடா ஊர் திரும்பினார். கூட்டம் கூடியது. அவர் வாயை அகலமாகத் திறந்து மூடினார். நீர்க்காகம் பேசினான்.

"அண்ணாச்சி 'கூடாது'ன்னு போட்ட சத்தத்துல ஆலமரத்து எலையெல்லாம் கொட்டிப்போச்சு. என்ன செய்ய, மத்தவனெல்லாம் சேந்து 'ஆகட்டும்'னுட்டான். கடைசி வாக்கெடுப்பு பாக்கி இருக்கு. அதுல பாத்துக்கிடுவாவ."

"அண்ணாச்சி சொன்னத யாரு கேட்டா?" என்றாள் ஆட்காட்டி.

"நான் கேட்டேன்."

"நீரு அன்னிக்கி இங்க மடையில மீன் பிடிச்சிட்டுல்லா இருந்தீரு?"

நீர்க்காகம் இறகை விரித்துக் காய வைத்துக்கொண்டான். சுற்றியிருந்தவர்கள் அவளைத்தான் முறைத்தார்கள். நல்ல காரியம் நடக்கிற இடத்தில் இவளுக்கு வாய் சும்மா இருக்காது என்று ஒரு நாரை முணுமுணுத்தது.

ஆட்காட்டி தன் புருஷனிடம் போய், சபைக்கு நேரில் போய்ப் பார்க்கப்போகிறேன் என்றாள். அவன் அப்போதுதான் மிச்சமிருந்த தண்ணீரில் வயிற்றை நனைத்துக்கொண்டு வந்து, வெயிலில் கொதித்த முட்டைகளை ஈரத்தால் குளிர வைத்துக்கொண்டிருந்தான்.

"போயி என்னத்தச் செய்யப்போற?"

"தெரிஞ்சிட்டு வாரேன்."

"தெரிஞ்சு?"

"மொதல்ல தெரியட்டும்."

அவன் முட்டைகளின் மேல் நன்றாக அமர்ந்துகொண்டான்.

ஆலமரத்துக்கு வந்து சேர்ந்தவள், உட்காரக் கிளை இல்லாததால் அடியில் வேரோரம் நின்றாள். அங்கே யார் வேண்டுமானாலும் நிற்கலாம், பார்க்கலாம். பேசத்தான் கூடாது. சபைத் தலைவர் மரங்கொத்தி. ஒரு மசோதாவைச் சொல்லி, "ஏற்பவர்கள்?" என்பார். இலைக்குள்ளிருந்து "ஆகட்டும்" என்று ஒரு கூச்சல் வரும். "மறுப்பவர்கள்?" என்பார். "கூடாது" என்று ஒரு கூச்சல் வரும். எது பெரிய கூச்சலோ அது வென்றதாகக் கணக்கு. மூன்று தடவை மரத்தைக் கொத்துவார், சட்டமாகிவிடும். இலை அடர்த்தியில் யார் எதைச் சொன்னார்கள் என்று பக்கத்துக் கிளைக்கே தெரியாது.

அடியிலிருந்து பார்க்கிறவளுக்கு மட்டும் எல்லா அலகும் தெரிந்தது.

கூழைக்கடா காலையில் வந்தார். தன் விலாவிலிருந்து ஓர் இறகைப் பிடுங்கி வேரிடுக்கில் செருகினார். வந்ததற்கு அது அடையாளம். உடனே பக்கத்து ஏரிக்கு மீன் பிடிக்கப் பறந்துவிட்டார். அன்றைக்கு வந்த வேறொரு மசோதாவின் வாக்கெடுப்பு நேரத்துக்கு ஆடி அசைந்து திரும்பி வந்தார். "ஏற்பவர்கள்?" என்றதும் வாயை அகலத் திறந்தார். "மறுப்பவர்கள்?" என்றதும் அதே வாயை அதே அகலத்துக்குத் திறந்தார். இரண்டு தடவையும் அதிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. 'ஆகட்டும்' என்று காதைக் கிழித்ததில் பாதிக்கு மேல் மயில்களுடையது. அவை ஐந்தே ஐந்து.

புழு பொறுக்க ஒரு தையல்சிட்டு கீழே இறங்கினான். விரல் பருமன்தான் இருந்தான். வேலியோரப் புதர்களின் உறுப்பினர். அவனிடம் ஆட்காட்டி கேட்டாள்.

"எங்க அண்ணாச்சி சபையில ஏதாவது கேள்வி கேட்டிருக்காவளா தம்பி?"

"கேள்வியா? அந்த இறகு கேட்டிருந்தாத்தான் உண்டு."

"யாரு எந்தப் பக்கம்னு எல்லாரும் தெரிஞ்சுக்க வழியே இல்லையா?"

"இருக்கு. உறுப்பினர் ஒருத்தர் 'பிரிக்க வேண்டும்'னு கேட்டாப் போதும். ஏற்கிறவங்க கிழக்குக் கிளை, மறுக்கிறவங்க மேற்குக் கிளை. ரெண்டும் இலை உதிர்ந்த மொட்டைக் கிளை. ஒளிய முடியாது."

"பெறகு ஏன் யாரும் கேக்கல?"

தையல்சிட்டு புழுவை விழுங்கிவிட்டு யோசித்தான். "கேட்டா நாமளும்ல உட்காரணும்," என்றான்.

ஊருக்கு வந்து பார்த்ததைச் சொன்னாள். நீர்க்காகம் சிரித்தான். "ஒரு குச்சியில உக்கார வக்கில்லாதவ, மரத்து மேல நடக்கிறதப் பத்தி நியாயம் பேசுதா."

அது அவளைச் சுட்டது. ஆனாலும் குரல் தாழவில்லை. "நான் பொய்யே சொல்லுதேன்னு வச்சிக்கிடுங்க. கடைசி வாக்கெடுப்புல அண்ணாச்சி 'பிரிக்கணும்'னு கேக்கட்டும். மேற்குக் கிளையில போயி உக்காரட்டும். நான் குளத்த விட்டே போயிருதேன்."

"அது சபை மரபுக்கு அழகில்ல," என்றான் நீர்க்காகம். கூழைக்கடா தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். முதல் தடவையாகச் சில பறவைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டன.

கடைசி வாக்கெடுப்பு நாளில் ஆட்காட்டியோடு ஒரு கூட்டம் தவிட்டுக்குருவிகளும் அந்த நாரையும் வந்து ஆலமரத்தடியில் நின்றார்கள். மரங்கொத்தி மசோதாவைச் சொன்னார். மயில்கள் அலறின. எதிர்த்து எழுந்த குரல்கள் அந்த அலறலில் மூழ்கிப்போயின.

"ஆகட்டும் வென்றது," என்று மரங்கொத்தி ஒரு தடவை கொத்தினார். இரண்டாம் தடவை கொத்தினார்.

"பிரிக்கணும்," என்று கத்தினாள் ஆட்காட்டி.

நரியைக் கண்டால் போடும் அதே சத்தம். மரம் முழுக்க இறகு படபடத்தது.

மரங்கொத்தி எட்டிப் பார்த்தார். "தரைக்குக் குரல் இல்லை. ஓர் உறுப்பினர்தான் கேட்க முடியும்."

"தெரியும். எங்க உறுப்பினர் கேப்பாவ. அண்ணாச்சி, கேளுங்க."

எல்லாக் கண்களும் கூழைக்கடா மேல் திரும்பின. அவர் வாயைத் திறந்தார். பை விரிந்தது. எல்லாரும் காத்திருந்தார்கள். வெறும் காற்று வந்தது. நாரை வெட்கத்தில் தலையைக் கவிழ்த்துக்கொண்டது.

அப்போது மரத்தின் மறுபக்கத்திலிருந்து, "பிரிக்க வேண்டும். நான் கேட்கிறேன்," என்று கணீரென்று ஒரு குரல் எழுந்தது. தேடிப் பார்த்தால் தையல்சிட்டு.

இனி வழியில்லை. இலைக்குள்ளிருந்து ஒவ்வொருவராக வெளிச்சத்துக்கு வந்தார்கள். கிழக்குக் கிளையில் மயில்களும் அவற்றுக்கு வேண்டியவர்களும். மேற்குக் கிளையில் சிட்டுகளும் புறாக்களும். எண்ணிப் பார்த்தால் இரண்டும் சமம். ஒருவர்தான் பாக்கி. கூழைக்கடா நடு மரத்தில் நின்று பழக்கத்தில் வாயைத் திறந்தார்.

"இப்போது வாய் கணக்கில்லை," என்றார் மரங்கொத்தி. "உட்காருங்கள்."

கூழைக்கடா கீழே பார்க்கவில்லை. பறந்துபோய்க் கிழக்குக் கிளையில் உட்கார்ந்தார்.

சட்டம் ஒரு வாக்கில் நிறைவேறியது. மயில்கள் அடுத்த பௌர்ணமிக்குக் குளத்தில் இறங்கலாம் என்று முடிவானது.

அவர்கள் ஊர் திரும்புவதற்குள் நீர்க்காகம் முந்தி வந்து கதையை மாற்றியிருந்தான். "அண்ணாச்சிக்குக் குரலே கெடையாது. பாவம், பொறவியிலேயே அப்பிடி. அதப் போயி இவ நாலு பேரு முன்னால சந்தி சிரிக்க வச்சிட்டா." சில பறவைகளுக்குக் கண் கலங்கியது.

"குரல் இல்லாதது குத்தமே இல்ல," என்றாள் ஆட்காட்டி. "கிளையில போயி உக்காரக் குரல் எதுக்கு?"

நாரை மெல்லச் சொன்னது, "இனி என்ன இருக்கு? அதான் சட்டம் வந்துட்டே."

"இத்தன நாளும் சபையில முடிச்சிட்டாவன்னு சொன்னோம். யாரு முடிச்சான்னு கேட்டா காத்தத்தான் காட்டினோம். இப்ப நமக்கு ஒரு பேரு தெரியும். அந்தப் பேரத் திருப்பிக் கூப்பிடுவோம்," என்றாள் ஆட்காட்டி.

அனுப்பியவர்கள் வேண்டாமென்றால் திருப்பி அழைக்கலாம் என்று தேசத்தில் ஒரு விதி இருக்கத்தான் செய்தது. ஒரு குளமும் அதைத் தொட்டதில்லை. அன்று இந்தக் குளம் தொட்டது. கூழைக்கடா திருப்பி அழைக்கப்பட்டார். அவர் இடத்துக்கு யாரை அனுப்புவது என்று கேட்டபோது, எல்லாரும் ஆட்காட்டியைத்தான் பார்த்தார்கள்.

பௌர்ணமிக்கு முன்னால் சபை கூடியது. ஆட்காட்டி வந்து வேரோரம் நின்றாள். அன்று மரத்தடியில் நிற்க இடமில்லை. பிரித்து உட்கார வைத்த செய்தி தேசம் முழுக்கப் பரவியிருந்தது. ஒவ்வொரு தோப்பிலிருந்தும் குளத்திலிருந்தும் பறவைகள் வந்து, தங்கள் ஆள் எந்தக் கிளைக்குப் போகிறார் என்று பார்க்க அண்ணாந்து நின்றன. ஒரு பறவையும் கூச்சல் போடவில்லை. மரங்கொத்திக்கு அதுதான் சங்கடமாக இருந்தது.

"உறுப்பினர் கிளையில் அமர வேண்டும்," என்றார் அவளிடம்.

"எனக்கு வராது."

"கிளையில் அமராதவருக்குச் சபையில் இடமில்லை. அது விதி."

"மேற்குக் கிளைக்குக் கீழ நிக்கேன். எங்க நிக்கேன்னு பாக்கிற அத்தன பேருக்கும் தெரியுது. இலைக்குள்ள இருக்கவுகளக் கேளுங்க, அவுக எங்க இருக்காவன்னு. என்ன வெளிய அனுப்பணும்னா அதுக்கும் வாக்கெடுங்க. அதையும் பிரிச்சே எடுங்க."

அடியில் நின்ற கூட்டத்தில் ஒரு சலசலப்பு ஓடியது. மரங்கொத்தி கழுத்தைச் சொறிந்துகொண்டார். வெளியே அனுப்ப வேண்டும் என்று கேட்க இலைக்குள்ளிருந்து ஒருவரும் முன்வரவில்லை.

"என்ன வேண்டும்?" என்றார் கடைசியில்.

"குளத்துத் தரைச் சட்டத்தத் திரும்ப எடுக்கணும். பிரிக்கணும்."

"சரி, பிரியுங்கள்," என்றார் மரங்கொத்தி. முதலில் தையல்சிட்டு வந்து மேற்குக் கிளையில் உட்கார்ந்தான். ஒரு புறா வந்தது. போன தடவை கிழக்கே உட்கார்ந்த ஒரு மைனா, கீழே தன் தோப்புப் பறவைகள் நிற்கும் இடத்தை ஒரு கண்ணால் பார்த்தபடி வந்து, தையல்சிட்டின் பக்கத்தில் ஒண்டிக்கொண்டது. அதன் பின்னால் இன்னொன்று. அதன் பின்னால் இன்னும் சில.

மரங்கொத்தி எண்ணி முடித்தபோது, கிழக்குக் கிளையில் மயில்கள் மட்டும் உட்கார்ந்திருந்தன.