மைனா கொண்டுவந்த வார்த்தை

உடைமரக் காட்டின் நடுவில் ஒரு குட்டை இருந்தது. அதன் கிழக்குக் கரையில் சரளைக் கற்கள் பரவிய ஒரு மேடு. அந்த மேட்டில் ஓர் ஆள்காட்டிக் குருவி குடியிருந்தது.

ஆள்காட்டி கூடு கட்டாது. வெறும் தரையில், கல்லோடு கல்லாக முட்டையிடும். முட்டையும் கல் நிறத்தில்தான் இருக்கும். குனிந்து பார்க்காமல் நடந்தால் மிதிபட்டுவிடும். அதனால் அந்தக் குட்டையில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. கிழக்கு மேட்டில் யாரும் கால் வைக்கக் கூடாது. தண்ணீருக்கு வருகிறவர்கள் மேற்குச் சரிவைச் சுற்றித்தான் இறங்க வேண்டும்.

அதற்குப் பதிலாக ஆள்காட்டி எல்லோருக்கும் காவல் இருந்தது. தூரத்தில் மனிதத் தலை தெரிந்தால் போதும்.

"ஆள்! ஆள்! ஆள் வருது!"

காடே அதிரும். பன்றியும் மானும் முயலும் குடிப்பதைப் பாதியில் விட்டு ஓடும். வலைக்காரர்கள் வெறும் வலையோடு திரும்பிப் போவார்கள். பல கோடைகள் இப்படியே கழிந்தன. யாரும் யாருக்கும் நன்றி சொன்னதில்லை. கட்டுப்பாடு இருந்தவரை அதற்குத் தேவையும் இருக்கவில்லை.

பிறகு மைனா வந்தது.

அந்த மைனா சாலையோரத்துப் பஸ் நிறுத்தத்தில், டீக்கடைக் கூரையில் வளர்ந்தது. கடையை இடித்துவிட்டார்கள். போக்கிடம் இல்லாமல் காட்டுக்குள் வந்தது. வந்த அன்றே பன்றியின் முதுகில் ஏறி உட்கார்ந்து, உண்ணி பொறுக்கித் தின்றுகொண்டே அளக்க ஆரம்பித்தது.

"உங்களுக்கெல்லாம் பேசவே தெரியலை! மனுஷங்ககிட்ட ஒரு இங்கிலீஷ் வார்த்தை இருக்கு. அந்த ஒண்ணை வெச்சே பொழப்பை ஓட்டிடுறாங்க!"

"அது என்னடா அப்பேர்ப்பட்ட வார்த்தை?" என்றது பன்றி.

"அட்ஜஸ்ட்!"

"அப்படின்னா?"

"எதுவா வேணும்னாலும் வெச்சுக்கலாம் அண்ணே! மூணு பேர் சீட்டுல நாலாவதா உட்காரணுமா? 'கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணுங்க.' டீயில ஈ கிடக்குதா? 'அட்ஜஸ்ட் பண்ணிக் குடிங்க.' புருஷன் அடிக்கிறானா? 'அட்ஜஸ்ட் பண்ணிப் போம்மா.' ரேஷன் மூட்டை எடை குறையுதா? நடுவுல யாரோ அட்ஜஸ்ட் பண்ணிட்டாங்க. ரேடியோ கரகரன்னு கத்துதா? திருகித் திருகி அதையும் அட்ஜஸ்ட் பண்ணுவாங்க!"

கொம்பு மான் வியந்துபோயிற்று. அதுதான் மான் கூட்டத்துக்குத் தலைவர்.

"அடேயப்பா! நகர்றதுக்கும் அதுதான், பொறுத்துக்கிறதுக்கும் அதுதான், திருடுறதுக்கும் அதுதானா?"

"ஆமாங்க! அதுல ஒரு வசதியும் இருக்கு. யார் கேட்டாலும் மரியாதையாத்தான் இருக்கும். முடியாதுன்னு சொல்றவன்தான் கெட்டவன் ஆயிடுவான்!"

பன்றி அந்த வார்த்தையை ஒரு தடவை வாயில் போட்டு மென்று பார்த்தது. "அட்... ஜஸ்ட்." கிழங்கைவிட இனிப்பாக இருந்தது.

அந்த வருஷம் கோடை கொடுமையாக வந்தது. குட்டையில் தண்ணீர் நாளுக்கு நாள் வற்றி, கிழக்கு மேட்டின் அடியில் போய் ஒதுங்கியது. மேட்டில் ஆள்காட்டி நான்கு முட்டைகளோடு உட்கார்ந்திருந்தது. அதன் ஜோடியைப் பருந்து தூக்கிப்போய்விட்டது. அடைகாப்பதும் காவல் காப்பதும் தனியாளாகத்தான்.

வெயில் ஏறினால் கல் கொதிக்கும். கல்லோடு முட்டையும் கொதிக்கும். ஆள்காட்டி ஓடிப்போய்த் தண்ணீரில் வயிற்றை நனைத்து வந்து, ஈர இறகால் முட்டைகளை மூடும். ஈரம் காய்ந்ததும் மறுபடி ஓடும். நாள் முழுவதும் அதே வேலை.

ஒரு நாள் அது ஓடிவந்தபோது, கிடந்த கொஞ்சம் தண்ணீரை அடைத்துக்கொண்டு பன்றி புரண்டுகொண்டிருந்தது.

"மாமா, கொஞ்சம் நகருங்க! முட்டைக்கு ஈரம் கொண்டு போகணும்!"

"இப்பத்தான் படுத்தேன் மருமகளே. வெயில் தாழட்டும். கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ."

"வெயில் தாழ்ந்த பிறகு ஈரம் எதுக்கு மாமா?"

"பாத்தியா!" என்று முதுகிலிருந்த மைனா சிரித்தது. "மரியாதையாக் கேட்கிறார். முடியாதுங்குது!"

பன்றி எழுந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. ஆள்காட்டி திரும்பிப் போய்ப் பார்த்தது. ஓரத்தில் இருந்த முட்டை சூட்டில் வெந்துபோயிருந்தது. அதை அலகால் தள்ளித் தள்ளி மேட்டின் விளிம்புக்குக் கொண்டுபோய் உருட்டிவிட்டது.

அடுத்து மான் கூட்டம் வந்தது. மேற்குச் சரிவிலிருந்து தண்ணீர் இப்போது ரொம்பத் தூரம். நடுவில் முழங்கால் ஆழத்துக்குச் சேறு. கிழக்கு மேட்டில் நடந்தால் நாலு எட்டுதான்.

"இது கட்டுப்பாட்டு இடம்!" என்று ஆள்காட்டி இறகை விரித்துக்கொண்டு மறித்தது.

"தெரியும் தங்கச்சி. குட்டிகளால சேத்துல நடக்க முடியலை. ஓரமாப் பார்த்து நடந்துக்கிறோம். இந்த ஒரு கோடைக்கு அட்ஜஸ்ட் பண்ணிக்கோ!" என்றது கொம்பு மான்.

ஓரமாகப் பார்த்துத்தான் முன்னால் வந்தவை நடந்தன. பின்னால் வந்தவை முன்னால் போனவற்றின் முதுகைப் பார்த்து நடந்தன. கூட்டம் தண்ணீரில் இறங்கியபோது, இரண்டு முட்டைகள் மஞ்சளாகக் கல்லில் வழிந்துகொண்டிருந்தன.

ஆள்காட்டி வாய்விட்டு அழுதது.

"ஐயோ பாவம்! வேணும்னா செஞ்சோம்?" என்றது கொம்பு மான். "நீயும் கொஞ்சம் உள்ளே தள்ளிப் போட்டிருக்கலாம். சரி, போனது போச்சு. இன்னும் ஒண்ணு இருக்குல்ல? அட்ஜஸ்ட் பண்ணிக்கோ."

அப்போது ஆள்காட்டிக்கு ஒரு யோசனை வந்தது. அந்த வார்த்தை எல்லோருக்கும் பயன்படுகிறது. தனக்கும் பயன்படட்டுமே! சேற்றில் கிடந்த பன்றியிடம் போயிற்று.

"மாமா, நீங்க கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணி மேற்கே படுத்துக்கங்க. மான்களும் அட்ஜஸ்ட் பண்ணி பழைய வழியிலேயே வரட்டும்."

பன்றி கோரைப்பல் தெரிய எழுந்து நின்றது.

"யார்கிட்ட வந்து என்ன பேசுறே? உன் உடம்பு என்ன, என் உடம்பு என்ன? வாய் நீளுது உனக்கு!"

"நீங்க சொன்னதைத்தானே மாமா நானும் சொன்னேன்?"

"நான் சொல்லலாம். நீ கேட்டுக்கணும். அதுதான் வார்த்தையோட முறை!"

மைனா தலையை ஆட்டியது. பஸ் நிறுத்தத்திலும் அப்படித்தான் நடந்ததை அது பார்த்திருந்தது.

ஆள்காட்டி முயலைத் தேடிப் போயிற்று. போன கோடையில் வலையின் வாய்வரை போன முயலை ஆள்காட்டியின் கூச்சல்தான் காப்பாற்றியிருந்தது.

"தம்பி, நீயாவது எனக்காக ஒரு வார்த்தை பேசேன்!"

முயல் அருகம்புல்லை மென்றபடி தரையைப் பார்த்தது. "நான் சின்னவன் அக்கா. நான் சொன்னா யார் கேட்பாங்க? அவங்க பெரியவங்க. நீ கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிட்டா எல்லாருக்கும் நிம்மதி."

முயல் வாயிலும் அந்த வார்த்தை வந்துவிட்டது. ஆள்காட்டி மேட்டுக்குத் திரும்பியது.

ஒரே ஒரு முட்டைதான் மிச்சம். அதன்மேல் உட்கார்ந்த ஆள்காட்டிக்குக் கண்ணை மூடவே பயம். சருகு அசைந்தால் கத்தியது. காக்கை நிழல் விழுந்தால் கத்தியது. பன்றிக்குப் பகல் தூக்கம் கெட்டது. மான்களுக்கு அசைபோட முடியவில்லை. எல்லோரும் சேர்ந்து மேட்டின் அடியில் கூடினார்கள்.

"உன் கத்தல் காதைக் கிழிக்குது!" என்றது பன்றி.

"கத்துறதுதானே என் வேலை மாமா? அதுக்குத்தானே இந்த மேடு?"

"கத்தாதேன்னு சொல்லலையே. மெதுவாக் கத்து. சத்தத்தை அட்ஜஸ்ட் பண்ணு!"

"மெதுவாக் கத்தினா உங்களுக்குக் கேட்காதே?"

"அதெல்லாம் கேட்கும். நாங்க என்ன செவிடா?" என்றது கொம்பு மான். "நீ சத்தத்தைக் குறைச்சிக்கோ. நாங்க அந்த ஒரு முட்டையை மிதிக்காம சுத்திப் போறோம். கத்தி எங்களைக் கலைச்சேன்னா, கலைஞ்சு ஓடுற கால் எங்கே விழும்னு எங்களுக்கே தெரியாது. அப்புறம் எங்களைக் குத்தம் சொல்லாதே."

ஆள்காட்டி முட்டையைப் பார்த்தது. பிறகு அவர்களைப் பார்த்தது.

"சரி. எவ்வளவு மெதுவா?"

"கத்திக் காட்டு."

"ஆள்! ஆள் வருது!"

"குறை."

"ஆள். ஆள் வருது."

"இன்னும் குறை."

"ஆள்... ஆள் வருது..."

"ஆங்! இது போதும்!" என்று பன்றி சேற்றில் சாய்ந்தது. "தாலாட்டு மாதிரி இருக்கு!"

"பிரமாதமான அட்ஜஸ்ட்மென்ட்!" என்று மைனா இறகைத் தட்டியது.

அதன் பிறகு குட்டையில் அமைதி. எல்லோரும் மேட்டின் அடியில் தண்ணீரை ஒட்டியே படுத்து நன்றாகத் தூங்கினார்கள்.

ஒரு விடியற்காலை. முட்டைக்குள்ளிருந்து டொக் டொக்கென்று கொத்தும் சத்தம் வந்தது. ஓட்டில் மயிரிழைபோல ஒரு கீறல். ஆள்காட்டி நிமிர்ந்து பார்த்தது. கோரைப் புல்லுக்கு மேலே மனிதத் தலைகள். தோளில் வலை. கையில் அரிவாள்.

பழைய குரல் தொண்டைவரை எழும்பி வந்தது. அந்தக் குரலில் கத்தினால் எல்லோரும் எழுவார்கள். எழுந்தால் ஓடுவார்கள். இப்போது எல்லோருக்கும் பழகிப்போன வழி இந்த மேடுதான். ஓட்டுக்குள் குஞ்சு மறுபடி கொத்தியது.

ஆள்காட்டி பேச்சு மாறவில்லை. ஒப்புக்கொண்ட அளவில் கத்தியது.

"ஆள்... ஆள் வருது..."

பன்றி தூக்கத்தில் காதை ஆட்டியது. மான்கள் அசைபோட்டன. முயலின் நீண்ட காதில் மட்டும் அது நன்றாகவே விழுந்தது. 'பெரிய ஆபத்தா இருந்தா இப்படியா கத்தும்?' என்று நினைத்துத் திரும்பிப் படுத்துக்கொண்டது.

"ஆள்... ஆள் வருது..." என்று ஆள்காட்டி விடாமல் சொல்லிக்கொண்டே இருந்தது.

மேட்டின் அடியிலிருந்த தண்ணீரையும் சேற்றையும் வலை ஒன்றாக வளைத்தது. கயிறு இறுகியது. பன்றியும் மான்களும் முயலும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து துள்ளின. துள்ளத் துள்ள வலை இன்னும் இறுகியது.

பன்றி வலைக் கண்ணில் மூக்கை நுழைத்து மேட்டைப் பார்த்து அலறியது.

"பாவி! ஏன் கத்தலை?"

"கத்தினேனே மாமா. நீங்க அளந்து கொடுத்த குரல்லதான் கத்தினேன்."

"இது சாவு! இதுலயா அளவு பார்க்கிறது? எங்களைக் கொன்னுட்டியே!"

"என் முட்டைக்கும் அது சாவுதான் மாமா. அப்ப நீங்க வேற பேர் சொன்னீங்க."

முயல் விம்மியது. "அக்கா, நான் உனக்கு என்ன செஞ்சேன்?"

"ஒண்ணும் செய்யலை தம்பி," என்றது ஆள்காட்டி. "ஒண்ணுமே செய்யலை."

அரிவாள்கள் வேலையைத் தொடங்கின. மேட்டை யாரும் பார்க்கவில்லை. கல்லோடு கல்லாக இருந்த அந்த முட்டை மனிதர் கண்ணில் படவும் இல்லை.

பன்றியின் முதுகில் இருந்த மைனாவும் வலைக்குள் அகப்பட்டிருந்தது. "அட்ஜஸ்ட்! அட்ஜஸ்ட்!" என்று கதறியது. வலைக்காரர்கள் கைகொட்டிச் சிரித்தார்கள்.

"அட, இது பேசுதுடா! சந்தையில நல்ல விலைக்குப் போகும்!"

இறகை நறுக்கி ஒரு சின்னக் கூண்டில் திணித்தார்கள். ஏற்கெனவே அதில் இருந்த கிளி நசுங்கிக் கத்தியது. "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கடா!" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்கள்.

வெயில் ஏறியது. ஓடு உடைந்தது. ஈரமான ஒரு குஞ்சு தள்ளாடி எழுந்து நின்று குட்டையைப் பார்த்தது. சேறு சிவந்து கிடந்தது. ஈ மொய்த்தது.

"அம்மா, இங்க நாம மட்டும்தானா?"

"இப்ப நாம மட்டும்தான்."

அப்போது மேலே ஒரு பருந்து வட்டமிட்டது. குஞ்சு நடுங்கித் தாயின் வயிற்றுக்குள் நுழைந்து, வாய்க்குள்ளேயே முனகியது.

"கத்து!" என்றது ஆள்காட்டி. "தொண்டை கிழியக் கத்து!"

"யாருக்காவது தூக்கம் கெட்டுப்போகுமே அம்மா?"

ஆள்காட்டி கீழே கிடந்த சேற்றை ஒருமுறை பார்த்தது.

"தூங்குறவங்க எல்லாம் போயிட்டாங்க. நீ கத்து."

விட்டுக்கொடுப்பதை எப்போதும் ஒருவர் தலையிலேயே சுமத்துகிற கூட்டம், தன்னைக் காக்க வேண்டிய குரலைத் தன் கையாலேயே நெரித்துவிடுகிறது.