வெள்ளிக்கிழமைக் கஷாயம்

துறவுக்குப் பெருந்தடை ஆசை என்று பலரும் நம்பி வருகிறார்கள். இந்தப் பிழையைத் திருத்தாமல் கதையைத் தொடங்குவது முறையல்ல. ஆவுடையப்பனைக் கேட்டால் சொல்வான்: பெருந்தடை, சுக்குக் கஷாயம்.

அவன் மடத்தில் சேர்ந்து ஓராண்டு ஆகியிருந்தது; சித்தாந்த வகுப்பில் அவன்தான் முதல் மாணாக்கன். வெள்ளிக்கிழமை தவறாமல் அவன் தாய் பேச்சித்தாய் பஸ் மாறி வந்துவிடுவாள். கையில் ஒரு தூக்குவாளி. மகனின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள். கண் இமையை இழுத்துப் பார்ப்பாள். கஷாயத்தைக் குடித்து முடிக்கும்வரை எதிரிலேயே நிற்பாள். மற்ற சீடர்கள் அவனைக் 'கைக்குழந்தை' என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள்.

அன்றும் வந்திருந்தாள். ஆவுடையப்பன் வாசலுக்குப் போகவில்லை. நேரே குருவிடம் போனான்.

"சாமி, இனிமேல் வர வேண்டாம் என்று அம்மாவிடம் நீங்கள் சொல்லிவிட வேண்டும்."

"ஏன், நீ சொல்வதற்கென்ன?"

"நான் சொன்னால் அழுவாள். நீங்கள் சொன்னால் கும்பிட்டுவிட்டுப் போய்விடுவாள்."

குரு எழுந்து வாசலுக்கு நடந்தார். ஆவுடையப்பன் பின்னாலேயே போய்த் தூண் மறைவில் நின்றுகொண்டான்.

"என்ன தாயே, இந்த வெயிலில்?"

"போன்ல பேசும்போது பிள்ள இருமுனான் சாமி. ராத்திரி பூரா எனக்கு உறக்கம் இல்ல."

"அடுக்களையில் மிளகாய் தாளித்தார்கள். எனக்கும்தான் இருமல் வந்தது."

பேச்சித்தாய் அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"உங்களுக்குமா? அதான் கண்ணு ரெண்டும் உள்ள போயிக் கெடக்கு."

வாளியைத் திறந்து நீட்டினாள். குரு வாங்கினார். ஒரே மூச்சில் குடித்தார். அவர் முகம் கோணியது. அவள் முகம் தெளிந்தது. படியில் உட்கார்ந்தாள். காவலாளியிடம் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தாள். இந்த ஓராண்டில் அவள் அங்கே உட்கார்ந்து ஆவுடையப்பன் பார்த்ததில்லை.

குரு உள்ளே திரும்பினார்.

"சாமி, நீங்கள் சொல்லவே இல்லையே."

"இல்லை."

"அதுபோகட்டும், கஷாயத்தை எதற்குக் குடித்தீர்கள்? உங்களுக்குத்தான் உடம்புக்கு ஒன்றுமில்லையே."

"எனக்கு ஒன்றுமில்லை," என்றார் குரு. "உடம்பு முடியாமல் வந்தது அந்தத் தாய்தான். இப்போது தேவலை."

ஆவுடையப்பன் வெளியே தாயிடம் போனான்.

பிற்பகலில் வாசல் தெளிக்க வந்தவர்கள், சித்தாந்த வகுப்பின் முதல் மாணாக்கர் தெருவறியத் தம் தாயிடம் நாக்கை நீட்டிக் காட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தார்கள்.